டிக் டிக் ஹார்ட் டிஸ்க்

ஞாயிறு

பெரியப்பா 9:12
கார்த்தி இருக்கியாப்பா? ஹார்ட் டிஸ்க் போயிருச்சு போல. மாட்டுனா லைட் எரியுது, டிக் டிக்னு சத்தம், அப்புறம் காணாமப் போயிருது

பெரியப்பா 9:13
அப்பா போட்டோ எல்லாம் அதுலதான். வியாழன் திதி. இன்னைக்கே குடுத்தாத்தான் பிரேம் போடுவேங்கிறான் ஸ்டுடியோக்காரன்

மீனா அத்தை 9:15
ஐயோ அண்ணே, என் கல்யாண போட்டோவும் அதுலதானே ஏத்துன

செல்வம் மாமா 9:16
மச்சான், கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல ஒரு மணி நேரம் வச்சா ஓடும்னு ஒரு வீடியோ வந்துச்சு

கார்த்தி 9:16
மாமா வேண்டாம்!! உள்ள ஈரம் கோத்துக்கும், அதோட முடிஞ்சுரும்

கார்த்தி 9:17
பெரியப்பா, அதைக் கழட்டி வைங்க. திரும்பத் திரும்ப மாட்டிப் பாக்காதீங்க. எதுல மாட்டுனீங்கன்னு ஒரு போட்டோ போடுங்க

பெரியப்பா 9:21
(படம்)

கார்த்தி 9:22
அந்த 4 ஓட்டை ஹப்லயா? அதுல வேற என்னென்ன தொங்குது?

பெரியப்பா 9:23
குட்டி ஃபேன். உங்க பெரியம்மா போனு. கீபோர்டு

கார்த்தி 9:26
அங்கதான் விஷயம். அந்த ஹப்புக்குத் தனி அடாப்டர் கிடையாது. கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற ஒரே ஒரு யூ.எஸ்.பி. கரண்ட்டைத்தான் எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்குது. யூ.எஸ்.பி. 2.0ன்னா 5 வோல்ட்டுல 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர், அவ்ளோதான். ஹார்ட் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கிற அந்த ரெண்டு மூணு செகண்டு மட்டும் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். பத்தலைன்னா சுத்தப் பாக்கும், நின்னுரும், மறுபடி பாக்கும். டிக் டிக் அதுவா இருக்கலாம்

பெரியப்பா 9:27
மோட்டார் ஸ்டார்ட்டிங் கரண்ட்! இதை முதல்லயே சொல்லக்கூடாதா. 31 வருஷம் மின்வாரியத்துல என்னத்த பாத்தேன்

பெரியப்பா 9:34
ஹப்பைத் தூக்கிட்டு கம்ப்யூட்டர் பெட்டி முன்னாடி இருக்கிற ஓட்டையில நேரா மாட்டுனேன். அதே டிக் டிக்

கார்த்தி 9:36
போட்டோவை இப்பத்தான் பெருசாக்கிப் பாத்தேன். அது போன் சார்ஜர் கேபிளா?

பெரியப்பா 9:36
ஆமா. பொருந்துச்சே

கார்த்தி 9:38
பொருந்தும். டிஸ்க்கோட வாய் அகலம், அதுல பாதியில மட்டும் போன் கேபிள் உக்காந்துக்கும். ஆனா உள்ள கம்பி முடி மாதிரி இருக்கும். நீளமும் ஜாஸ்தி, வழியிலயே வோல்டேஜ் விழுந்துரும். நீங்க மாட்டுன முன்னாடி ஓட்டை, அதான் போர்ட், அதுவும் பெட்டிக்குள்ள ஒரு வயர் வழியாத்தான் மதர்போர்டுங்கிற மெயின் போர்டுக்குப் போகுது

பெரியப்பா 9:39
கடைசிக் கம்பத்து வீடு. லோ வோல்டேஜ். புரிஞ்சுது

கார்த்தி 9:40
அதேதான். டிஸ்க் கூட வந்த அகல முனை குட்டைக் கேபிளைத் தேடுங்க. பின்னாடி மதர்போர்டுல நேரா இருக்கிற நீலக் கலர் போர்ட்ல மாட்டுங்க. அது 3.0, 900 மில்லி ஆம்பியர் குடுக்கும்

பெரியம்மா 9:52
கேபிள் கிடைச்சிருச்சு. மிக்சி வாரண்டி கார்டு டப்பாவுல இருந்துச்சு. நான் எடுத்து வைக்கலன்னா இந்த வீட்ல ஒண்ணும் இருக்காது

பெரியப்பா 9:58
ஓடுது!!! சத்தமே இல்ல

மீனா அத்தை 9:58
முருகா

கார்த்தி 9:59
வேற எதையும் தொடாம முதல்ல போட்டோவை எல்லாம் கம்ப்யூட்டர்ல காப்பி போடுங்க. டிஸ்க்கும் பழசு, அதை நம்ப முடியாது

செல்வம் மாமா 10:04
கார்த்தி, என் லேப்டாப்ல மவுஸ் அப்பப்ப செத்துப் பொழைக்குது. அதுவும் இதானா?

கார்த்தி 10:06
அது அனேகமா வேற மாமா. கரண்ட் மிச்சம் பண்றேன்னு விண்டோஸே போர்ட்டைத் தூங்க வச்சுரும். டிவைஸ் மேனேஜர்ல யூ.எஸ்.பி. ரூட் ஹப், அதுல பவர் மேனேஜ்மென்ட், அங்க இருக்கிற டிக்கை எடுத்துருங்க

பெரியப்பா 10:31
காப்பி முடிஞ்சுது. ஆனா "பவர் சர்ஜ்"னு ஒண்ணு வருது. முன்னாடி போர்ட்ல ஒண்ணுமே மாட்டலையே. இடி மின்னல் எதுவும் இல்லையே

கார்த்தி 10:33
பேருதான் அப்படி. இடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஏதோ ஒரு போர்ட் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்குதுன்னு அர்த்தம். ஒண்ணும் மாட்டாமலே வந்தா, போர்ட்டுக்குள்ளயே ஷார்ட்டா இருக்கலாம். டார்ச் அடிச்சுப் பாருங்க. கையோ கம்பியோ விட வேண்டாம்

பெரியப்பா 10:41
(படம்)
நடுவுல கறுப்பு நாக்கு, அதுல 4 பித்தளைப் பட்டை. ஒண்ணு மட்டும் மேல எழும்பி வெளித்தகட்டைத் தொடுது. யார்ரா இந்த வேலை பாத்தது

பெரியம்மா 10:42
போன வாரம் குட்டிப்பய என் ஹேர்பின்னை வச்சுக்கிட்டு அங்கதான் உக்காந்திருந்தான்

பெரியப்பா 10:43
அப்பவே சொல்றதுக்கென்ன

பெரியம்மா 10:43
நீங்கதான் "அமைதியா விளையாடறான் பாரு"ன்னு சொன்னீங்க

கார்த்தி 10:45
நிமுத்தப் போகாதீங்க பெரியப்பா. ஷட்டவுன் பண்ணாலும் மதர்போர்டுல 5 வோல்ட் நிக்கும். பிளக்கையே உருவிட்டு, கடைக்காரரை விட்டு அந்த முன் போர்ட் வயரை மதர்போர்டுல இருந்து கழட்டிரச் சொல்லுங்க. மெசேஜும் நின்னுரும்

பெரியப்பா 10:58
நானே கழட்டிட்டேன். பிளக்கை உருவிட்டுத்தான். ஓட்டை மேல இன்சுலேஷன் டேப் ஒட்டி "அபாயம்"னு எழுதியாச்சு. மண்டை ஓடு மட்டும் சரியா வரல

கார்த்தி 10:59
😂😂

பெரியம்மா 11:03
அதெல்லாம் சரி. என் ஃபேனை இப்ப எதுல மாட்டுறது?

கார்த்தி 11:04
போன் சார்ஜர்ல மாட்டி செவுத்து பிளக்ல போடுங்க பெரியம்மா