கூலர் மாற்றிய பிறகும் சிபியு கொதிக்கிறதா? நடந்ததைச் சொல்லுங்கள்

வேலூரிலிருந்து

புதுசாக மாட்டிய கையோடு முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும் சிபியுவை (பெட்டியை அல்ல, உள்ளே இருக்கும் பிராசஸர் சிப்பைச் சொல்கிறேன்) பார்த்திருக்கிறீர்களா? மச்சான் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இன்டெல் ஐ5-10400 சிபியு இருந்த சிஸ்டத்தைப் புதிய ஐ5-12400-க்கு மாற்றினார். சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் பழைய டவர் கூலர் நல்ல நிலையில் இருந்ததால் அதையே கடையில் திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். சும்மா இருக்கும்போதே 60 டிகிரி. சிபியுவை முழுசாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் 100. அதற்கு மேல் ஏறாது. அந்த இடத்தில் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

"வேலூர் வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்று கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அறையில் 38 டிகிரி இருந்தால் சிபியு சூடும் அதற்கேற்பக் கூடும், உண்மைதான். ஆனால் வெயிலா இரண்டு நொடியில் 40 டிகிரியை ஏற்றிவிடும்? சூட்டையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் சிபியு இழுப்பது 60 வாட் சொச்சம்தான். கூலரின் செம்புக் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. உள்ளே 100 டிகிரி, விரல்கடை தூரத்தில் குழாய் ஜில்லென்று இருக்கிறது. சூடு கூலருக்கு வந்தே சேரவில்லை என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

கழற்றினோம். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் வைத்தது வைத்தபடி நடுவில் மேடாக இருந்தது, நசுங்கவே இல்லை. 10400 உட்காரும் எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் கூலர் துளைகளுக்கு இடையே 75 மி.மீ.; 12400 உட்காரும் 1700-ல் 78 மி.மீ. போதாததற்கு 1700-ல் சிபியுவின் மேல்தகடு கொஞ்சம் தாழ்வாக உட்காரும். சில மதர்போர்டுகளில் இரண்டு அளவுக்கும் துளை இருப்பதால் பழைய பிராக்கெட் மாட்டிக்கொள்ளும், திருகும் இறுகும். அழுத்தம் மட்டும் வராது. கூலர் கம்பெனியின் 1700 கிட் வாங்கிப் போட்டோம். அதே சினிபெஞ்சில் 70-ஐத் தாண்டவில்லை.

இதற்கு நடுவே விலை கூடின பேஸ்ட் வாங்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். எவ்வளவு உயர்ந்த பேஸ்ட்டானாலும் கூலர் அழுத்தாத இடைவெளியை அது ஈடுகட்டாது.

கோவையிலிருந்து

அண்ணா சொன்னதுதானுங்க சரி. எத்தனை டிகிரின்னு பார்க்கறதுக்கு முன்னாடி எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாருங்க. சர்வீஸ் வேலையில எனக்கு அதிகம் வர்றது இன்டெல் பாக்ஸ் கூலருங்க. நாலு புஷ் பின்னையும் அழுத்தினா டக்குன்னு சத்தம் கேட்கும், மாட்டிருச்சுன்னு விட்டுடறாங்க. ஒரு மூலை சரியா இறங்கலைன்னாலும் போச்சு. போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. நாலு மூலையிலயும் கால் விரிஞ்சு, நடுவுல கறுப்புக் குச்சி முழுசா இறங்கியிருக்கணும். பின் தலையில இருக்கற அம்புக்குறி கழட்டற திசைங்க. அந்தப் பக்கம் திருப்பி வெச்சு அழுத்தினா நிக்காது. குறுக்கு மூலைகளை ஜோடி ஜோடியா அழுத்துங்க. முடிஞ்சா போர்டை கேபினெட்டுல இருந்து வெளிய எடுத்து வெச்சுச் செய்யறது நல்லது.

ஒரு ஆபீஸ் சிஸ்டத்துல கூலர் அடியில இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்தாங்க. அதுவும் இதே மாதிரி நொடியில ஏறுச்சுங்க.

மதுரையிலிருந்து

எங்க ஸ்டுடியோவில் வேறு மாதிரி. எடிட்டிங் சிஸ்டத்தில் 240 மி.மீ. வாட்டர் கூலர் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. ரெண்டரிங் ஓட ஓட கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 90-ஐத் தாண்டும். இரண்டு குழாயையும் பிடித்துப் பார்த்தேன். ஒன்று சுட்டது, இன்னொன்றில் சூடே இல்லை. தண்ணீர் சரியாக ஓடவில்லை. பம்ப் ஒயரை கேபினெட் ஃபேனுக்கான பின்னில் சொருகியிருந்தார்கள், அது போர்டு சூட்டுக்கு ஏற்ப பம்ப்பை மந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தது. பம்ப்புக்கென்று இருக்கும் பின்னுக்கு மாற்றி, பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) எப்போதும் முழு வேகம் என்று வைத்தோம். பிரச்சினை தீர்ந்தது. தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரை எங்கே மாட்டினாலும் பம்ப் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கக் கூடாது, காற்று அதில் போய்ச் சேரும்.

சென்னையிலிருந்து

ஏஎம்டியின் ரைசன் 7950எக்ஸ் சிபியு வைத்திருப்பவர்கள் 95 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரிச்சி தெருவில் கிடைத்ததிலேயே பெரிய கூலரை வாங்கி மாட்டியும் முழு லோடில் அதே 95 என்று என் நண்பர் தூக்கமில்லாமல் இருந்தார். 2022-ல் வந்த 7000 வரிசையை ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்தது. கூலர் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு 95 வரை போகும். கூலர் மாற்றியதன் பலனை டிகிரியில் தேடாதீர்கள், கிளாக் வேகத்தில் பாருங்கள். சூடு வேண்டாமென்றால் பயாஸில் ஈகோ மோட் 105 வாட் வைக்கலாம். 105 என்பது பெயரளவுக் கணக்குதான்; 230 வாட் வரை இழுப்பது உண்மையில் 142-க்குள் அடங்கும்.

வேலூரிலிருந்து

இன்டெலிலும் வாட்டைக் கட்டாயம் பாருங்கள். சில போர்டுகளில் கூலர் எந்த வகை என்று பயாஸ் கேட்கும். வாட்டர் கூலர் என்று கொடுத்தால் பவர் லிமிட்டையே எடுத்துவிடும். ஐ7-12700 சிபியுவுக்கு இன்டெல் சொல்வது அடிப்படை 65 வாட், அதிகபட்சம் 180. குறைந்த வாட்டிலேயே 100 டிகிரி என்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. இந்த வரம்பைத் தாண்டி இழுத்து 100 என்றால் பயாஸைத் திறந்து பாருங்கள், கூலரைக் கழற்ற வேண்டியதில்லை.

திருச்சியிலிருந்து

அண்ணா, என்னுடையது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், ரைசன் 5600 சிபியு. நொடியில் ஏறுகிறது, நாளைக்குக் கழற்றப் போகிறேன். ஏதாவது கவனிக்கணுமா?

வேலூரிலிருந்து

கவனிக்கணும் தம்பி. சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் லோடில் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு கழற்றுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள், இடமும் வலமுமாகத் திருகி விடுவித்த பிறகு தூக்குங்கள். ஏஎம்4-ல் ஊசிகள் சிபியுவில்தான் இருக்கின்றன. பேஸ்ட் பிடித்துக்கொண்டால் லீவர் பூட்டியிருந்தாலும் சிபியு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள், பேஸ்ட் பரவியிருப்பதை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.