புதுப்பிப்பு: பக்கம் கிழிக்கும் மகளும் படப் புத்தகங்களும்

22 மாதமான என் மகள் படப் புத்தகத்தை விரித்தவுடன் நான்கைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டுகிறாள், கிழிக்கிறாள், கதை முடியும்வரை உட்காருவதே இல்லை என்று இரண்டு மாதங்களுக்கு முன் புலம்பியிருந்தேன். வரிகளை வாசிப்பதை விட்டுவிட்டு, படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும்படி பலர் சொன்னீர்கள். 1988-இல் அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வும், பெற்றோர் இவ்வாறு கேட்டு, குழந்தை சொல்லும் விடையைச் சற்றே நீட்டிச் சொன்னால் அதன் பேச்சு வளர்கிறது என்றே காட்டியது.

அதன்படியே செய்தேன். சந்தைப் படம் ஒன்றில், கூடைக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்த பூனையை அவளே கண்டுபிடித்தாள். "பூனை எங்கே போகுது?" என்று கேட்டதற்கு, வெகுநேரம் விரலைச் சப்பியபடி யோசித்துவிட்டு, "மீன்" என்றாள். "ஆமாம், மீன் திங்கப் போகுது" என்றேன். மறுநாள் அந்தப் பக்கம் வருமுன்பே "மீன் திங்க" என்று கத்தினாள். இப்போது ஒரே இரவில் அந்தப் பக்கத்தை ஒன்பது முறை பார்க்க வேண்டியிருக்கிறது. கதையின் முடிவு எனக்கே மறந்துவிட்டது.

சளிக்காய்ச்சல் வந்த வாரத்தில் எல்லாம் தலைகீழானது. அவள் வீசிய கெட்டி அட்டைப் புத்தகம் என் மூக்கைப் பதம் பார்த்ததும் கைபேசியைக் கொடுத்துவிட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை.

கிழிப்பது இன்னும் நிற்கவில்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளை அச்சிட்டுக் கொடுப்பதால், இப்போது கிழித்தாலும் மனம் பதறுவதில்லை.