ஸ்டீயரிங் கையை உதறிய கதைகள்: முன் ஆக்ஸில் ஆட்டம் கண்டவர்கள் எழுதுங்கள்

உசிலம்பட்டி ஜிப்ஸி

மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பாலம் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2004 ஜிப்ஸி. மதுரையிலிருந்து தேனி போகும் வழி, உசிலம்பட்டி தாண்டி ஒரு சின்னப் பாலம். வேகம் 70. பாலமும் ரோடும் சேரும் இடத்தில் இடது டயர் 'டக்' என்று ஏறி இறங்கியது, அவ்வளவுதான். அடுத்த நொடி ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. இடது வலது, இடது வலது என்று எண்ண முடியாத வேகத்தில் அடிக்கிறது. வளையத்துக்குள் கோத்து வைத்திருந்த கட்டைவிரலில் ஸ்போக் வந்து அறைந்தது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் என் காலடியில் கிடக்கிறார். பின்சீட்டிலிருந்து அம்மா, "டயர் கழண்டுருச்சாடா?" என்றார். காலை எடுத்தேன். 40க்கு இறங்கும் வரை நிற்கவில்லை. நின்ற பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி நேராகப் போகிறது பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் வழக்கமான கதை. பேலன்சிங், அலைன்மென்ட், டை ராட் எண்ட் நாலும் புதுசு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் ஆட்டத்தைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றிவிட்டு "இனிமே வராது சார்" என்றார்கள். மூன்று வாரம் வரவில்லை. நாலாவது வாரம் அதே பாலம், அதே அடி.

கடைசியில் போடியில் ஏலத்தோட்ட ஜீப்புகளை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். ஜாக்கி போட்டு, டயரின் மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். லேசாக ஆடியது. "வீல் பேரிங்கா அண்ணே?" என்றேன். "பிரேக்க மிதி தம்பி" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். அப்போதும் ஆடியது. பிரேக் பிடித்தால் ஹப்பும், டயரைத் திருப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும், வீல் பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். அதற்கு மேலும் ஆடினால் கிங் பின், அதாவது நக்கிள் திரும்பும் அச்சு. 10 விநாடி வேலை. அதுவரை நான் 14 ஆயிரம் செலவழித்திருந்தேன்.

கிங் பின் பேரிங்கைக் கழற்றி அதன் கப்பைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "நகத்தை ஓட்டிப் பாரு." உள்ளே வழுவழு என்றுதான் தெரிகிறது. நகம் மட்டும் தடக் தடக் என்று விழுகிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரோலர்கள் ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பள்ளம் பறித்து வைத்திருக்கின்றன. புது பேரிங் போட்டு, அடியில் இருந்த ஷிம் தகடுகளில் இரண்டை எடுத்துவிட்டு, டை ராடை இணைக்காமல் நக்கிள் கையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுத்தார். ஒன்றரை கிலோ காட்டும்போதுதான் அசைந்தது. "இந்த இறுக்கம் இல்லாமத்தான் ஆட்டம் போட்டுச்சு" என்றார். அதன் பிறகு வரவில்லை. ஆனாலும் அந்தப் பாலத்தில் என் வேகம் 50தான்.

ஈசிஆர் ஜிம்னி

என்னுடையது இவ்வளவு பயங்கரம் இல்லை. ஆனால் என்னை ஏமாற்றியது வேறு விதத்தில். 2023இல் எடுத்த ஐந்து கதவு ஜிம்னி, பாடியை உயர்த்த இரண்டு அங்குல லிஃப்ட் போட்டேன். போட்ட கடையில், "கேஸ்டர் எல்லாம் மாறாது சார், ஸ்பிரிங் மட்டும்தானே" என்றார்கள். கேஸ்டர் என்றால் டயர் திரும்பும் அச்சின் பின்சாய்வு. நம்பினேன்.

மாமல்லபுரத்துக்கு முன்னால் யூ டர்ன் எடுத்துவிட்டு வழக்கம்போல ஸ்டீயரிங்கைத் தளர விட்டேன். அது தானாகத் திரும்பி வரவில்லை! திருப்பிய இடத்திலேயே நிற்கிறது, எதிரே பஸ். பிடித்து இழுத்துத் திருப்பினேன். 80க்கு மேல் போனால் ஒரு நடுக்கமும் இருந்தது. ஆனால் எனக்குக் கனவில் வருவது அந்த அரை விநாடிதான்.

லிஃப்டுக்கு முன் எடுத்த அலைன்மென்ட் தாள் பர்ஸில் இருந்தது. அதில் கேஸ்டர் 2 டிகிரி சொச்சம். லிஃப்டுக்குப் பிறகு எடுத்ததில் அரை டிகிரிகூட இல்லை. பாடி உயர்ந்தால் முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அவற்றோடு சேர்ந்து ஆக்ஸிலும் முன்பக்கம் குனிந்துவிடுகிறது. துளை மையத்தில் இல்லாத புஷ் ஒரு ஜோடி போட்ட பிறகுதான் சரியானது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தானே கையை விட்டு ஓட்ட முடிகிறது? அதே சங்கதி.

கொல்லிமலை 70

எல்லாரும் கிங் பின், கேஸ்டர் என்று பெரிய பெரிய வார்த்தை பேசுகிறீர்கள். என் வண்டியில் ஒரு பொருளும் கெடவில்லை. ஐப்பசி மழையில் கொல்லிமலையில் ஒரு தோட்டத்துக்குள் போய்விட்டு, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டி வேகம் பிடித்தால் வண்டி நடுங்குகிறது. சேந்தமங்கலம் வரை மாமனாரிடம் "ஆக்ஸில் போச்சு, 30 ஆயிரம் ஆகும்" என்று புலம்பிக்கொண்டே வந்தேன். வாட்டர் சர்வீஸ் கடைப் பையன் பீச்சாங்குழலை ரிம்முக்கு உள்பக்கம் காட்டினான். இட்லி குண்டானைக் கவிழ்த்த மாதிரி ஒரு செம்மண் கட்டி தொப்பென்று விழுந்தது. 60 ரூபாய். மாமனார் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

ஆகவே உசிலம்பட்டி சார், பேலன்சிங்கை "வழக்கமான கதை" என்று ஒதுக்க வேண்டாம்.

வால்பாறை பழைய கை

மேலே உள்ளவருக்கு: மண் கட்டியால் வருவது நடுக்கம். உசிலம்பட்டிக்காரர் சொன்னது உதறல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நடுக்கம் ஒரு வேகத்தில் வரும், அதைத் தாண்டினால் குறையும், நல்ல ரோட்டிலும் இருக்கும். உதறல் ஒரு பள்ளமோ மேடோ தட்டினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் வேகம் குறைக்காமல் அடங்காது.

என் அனுபவம் சின்னது. எஸ்டேட்டில் எம்எம்540 பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழியாறு இறங்கும்போது உதறியது. ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸியில் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. முறுக்கினேன், முடிந்தது.

ஆனால் இளைஞர்கள் செய்யும் தவறைச் சொல்லியாக வேண்டும். முதலில் பொருள் வாங்காதீர்கள், பாருங்கள். வண்டியைத் தரையிலேயே நிறுத்தி ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒரு சாண் ஆட்டச் சொல்லுங்கள். ஜாக்கியில் தூக்கக் கூடாது, டயர் மண்ணில் இருந்தால்தான் எதிர்ப்பு கிடைக்கும். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். பாக்ஸ், பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் எண்ட் என்று வரிசையாகப் போங்கள். காயில் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராட். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். எனக்கு 62 வயது, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, விரல் இன்னும் சொல்கிறது.

இரண்டாவது, டோ, அதாவது முன் டயர்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு. இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். முன் டயர்களைத் தூக்கிச் சுற்றிவிட்டு சுண்ணாம்புக் கட்டியைப் பிடியுங்கள், பட்டனின் நடுவில் ஆணியால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை இறக்கிக் கொஞ்சம் உருட்டிவிட்டு, ஹப் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் டேப் பிடித்து அளவெடுங்கள். முன்னால் இரண்டு மூன்று மில்லி குறைவாக இருந்தால் போதும். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வண்டிக்கு அலைன்மென்ட் கடையில் செய்யக்கூடியது அது ஒன்றுதான். கேம்பர், அதாவது டயரின் பக்கச் சாய்வு, ஆக்ஸிலோடு பிறந்தது, அதைத் திருப்ப நட்டு கிடையாது. கேஸ்டருக்குப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைக்க வேண்டும். அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்புக்குக் கேஸ்டர் 3 டிகிரி. இப்போது உயரம் வேண்டும் என்று முன்னால் நீள ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) மாட்டுகிறார்கள். ஜிப்ஸியிலும் பழைய ஜீப்பிலும் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் முன்முனை கீழே போகும், ஆக்ஸில் குனியும், இருக்கிற கேஸ்டரும் போகும். ஜிம்னித் தம்பிக்கு நடந்ததும் வேறு வழியில் இதுதான்.

மூன்றாவது, டேம்பர். அது வைத்தியம் இல்லை, தைலம். வலியை மறைக்கும். முன்பக்கம் ஒழுங்காக இருக்கும் ஜிப்ஸி டேம்பர் இல்லாமலும் நேராக ஓடும். உசிலம்பட்டித் தம்பி, நிஜமாகவே சரியானதா என்று தெரிய வேண்டுமானால் டேம்பரைக் கழற்றிவிட்டுக் காலியான இடத்தில், மெதுவான வேகத்திலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். கட்டைவிரலை வளையத்துக்கு வெளியே வைத்துப் பிடியுங்கள். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லையா?

நான்காவதாக டயர் காற்றைப் பற்றி

ஈசிஆர் ஜிம்னி

ஐயா, நான்காவது அப்புறம். உங்கள் கதை நாலு வரி, அட்வைஸ் நாலு பக்கம். :) டேப் விஷயம் மட்டும் குறித்துக்கொண்டேன்.

நிஸ்வா பிக்கப்

இது ஸ்டீயரிங் கதை இல்லை, ஆனாலும் இங்கேதான் சேரும். ஓமானில் சைட் வேலை, கம்பெனி கொடுத்த லேண்ட் குரூஸர் பிக்கப், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். நிஸ்வாவிலிருந்து ஆதம் வழியாக ஹைமா போகும் ரோடு எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். நேர்க்கோடு, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. 90ஐத் தொட்டால் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம். நடுக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிகிறது. கையில் மட்டும் ஒன்றுமே இல்லை, ஸ்டீயரிங் அமைதி.

மூன்று தடவை பேலன்சிங் செய்தேன். மூன்றாவது தடவை டயர் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு நாள் எரிச்சலில் 90இல் நியூட்ரலில் தள்ளினேன். இன்ஜின் இறங்கிவிட்டது, ரீங்காரம் இறங்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: முந்தின மாதம் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸை மாற்றினார்கள். படுத்துப் பார்த்தால் ஷாஃப்டின் இரண்டு முனைக் கவைகளும் ஒரே திசையில் இல்லை. நடுவில் சறுக்கும் பல்லை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டார்கள். இரண்டு கவையும் ஒரே நேராக இருந்தால் ஒரு மூட்டு உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்யும். தள்ளிப் போனால் அந்த ஏற்ற இறக்கம் முழுதாகச் சமனாகாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸிலுக்குப் போய்ச் சேரும். கேம்பிலேயே கழற்றி ஒரு பல் திருப்பிப் போட்டேன். ஹைமா வரை 110. லாரி ஒன்றாகத் தெரிந்தது.

கழற்றும் முன் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தால் இந்தக் கூத்து இல்லை. நான் கழற்றவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஹட்டன் டிஃபென்டர்

எங்கட பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்து டிஃபென்டர். மஸ்கெலியாவிலிருந்து வரும்போது உதறியது. கராஜில் பாஸ் (மெக்கானிக்) வால்பாறை ஐயா சொன்ன மாதிரியே ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு, அடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பேன்ஹார்ட் ராட் போல்ட். புஷ் புதுசு, போல்ட்டும் புதுசு. போல்ட் போகும் துளைதான் முட்டை வடிவத்தில் தேய்ந்துபோய் இருந்தது. ஸ்டீயரிங் ஆடும்போதெல்லாம் போல்ட் அதற்குள் ஒரு நூல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை புஷ் மாற்றியவர்கள் துளையைப் பார்க்கவே இல்லை. பாஸ் அதில் ஒரு தடித்த வாஷரை வைத்து வெல்டிங் அடித்தார்.

கொல்லிமலைக்காரருக்கு: உங்கள் மாமனார் பக்கம் நான்.

உசிலம்பட்டி ஜிப்ஸி

வால்பாறை ஐயா சொன்னது ராத்திரியெல்லாம் குடைந்தது. நேற்று டேம்பரைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டேன். முதலில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் 30, 40. ஒன்றும் இல்லை. இன்று காலை ஐந்தரைக்கு, ரோட்டில் யாரும் இல்லாத நேரம், பாலத்துக்குப் போனேன். 50இல் ஒரு தடவை, 60இல் ஒரு தடவை. அப்புறம் திரும்பி வந்து 70.

'டக்' என்றது. ஸ்டீயரிங் ஒரு விரற்கடை அசைந்து, தானே நேரானது. பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திக் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் இரண்டும் வெளியேதான் இருந்தன. எப்போது எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை.

டேம்பரைத் திரும்ப மாட்டிவிட்டேன் ஐயா, திட்டாதீர்கள். வண்டியில் அம்மா வருகிறார்.