நெத்திலி முள், இறால் ஓடு: வயித்துக்குள்ள கரையுமா?

உப்பங்கழி, தேவிபட்டினம்:
எங்க பக்கம் நெத்திலி, சின்னச் சூடையெல்லாம் முள்ளோடதான் சாப்பிடுறது. பொரிச்ச இறாலைச் சிலர் ஓட்டோடயே கடிச்சுத் திங்கிறாங்க. பல்லுக்கே அரைபடாத இதெல்லாம் உள்ளே போய் என்ன ஆகுது? விளமீன் முள்ளு தெரியாம உள்ளே போனாலும் கரைஞ்சிருமா?

கடற்பாசி, மண்டபம்:
முள்ளுல முக்கியமா ரெண்டு பொருள்: கால்சியம் பாஸ்பேட் உப்பு, அதோட பின்னிக் கிடக்கிற கொலாஜன் புரதம். உப்பைக் கரைக்கிறது இரைப்பை அமிலம் (வெறும் வயித்துல பிஎச் 1.5 முதல் 3.5 வரை; இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை). கொலாஜனை வெட்டுறது பெப்சின்ங்கிற இரைப்பை நொதி. வேகும்போதே கொலாஜன் பாதி இளகிருறதால அந்த வேலை லேசாகிருது.

இரைப்பையோட கீழ்வாசல் 1–2 மில்லிமீட்டருக்கு மேல இருக்கிற துணுக்குகளைப் பெரும்பாலும் விடாது. திரும்பத் தள்ளி மறுபடி கடையும். நெத்திலி முள்ளு மெல்லிசு, அங்கேயே பெரும்பகுதி முடிஞ்சிரும். முன்சிறுகுடலுக்குப் போனதும் கணையநீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிச்சிரும். அதுக்கப்புறம் முள்ளு கரையிறது அநேகமா நின்னுரும், புரதத்தை வெட்டுறது மட்டும் டிரிப்சின்ங்கிற கணையநீர் நொதியால தொடரும். கரைஞ்ச கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேணும்.

பவளத்திட்டு, கீழக்கரை:
இறால் ஓடு கதை வேற. கைட்டின் (ஓட்டுக்கு உறுதி கொடுக்கிற நார்ப்பொருள்), புரதம், கால்சியம் கார்பனேட் சேர்ந்தது அது. கார்பனேட்டு அமிலத்துல கரைஞ்சிரும். கைட்டினை உடைக்கிற நொதி நம்ம இரைப்பையில இருக்கு, ஆனா அது செய்யிற வேலை சொற்பம். மிச்சம் நார்ச்சத்து மாதிரி வெளியே போயிரும். மெல்லாம முழுங்கினா முழுங்கினபடியே போகும். பொரிக்க முன்னாடி தலைக்கொம்பையும் வால்முனையையும் கத்தரிச்சுருங்க, தொண்டையில குத்துறது அதுதான்.

விளமீன் முள்ளை நெத்திலியோட சேர்க்காதீங்க தம்பி. தடிச்ச முள்ளு முழுசாக் கரைய நேரம் பத்தாது. வயித்துக்குள்ள இறங்கினதில் பெரும்பாலானது தானா வெளியேறிரும். எப்பவாவது நீளமான கூர் முள்ளு குடலைக் குத்திரும், சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற இடத்துலதான் அது அதிகம். வயித்துவலி கூடிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கறுத்தாலோ காத்திருக்கக் கூடாது.

தொண்டையில மாட்டினா சோத்து உருண்டை முழுங்கச் சொல்றாங்களே, அதுதான் மோசம். முள்ளை ஆழமாக் குத்தி இறக்கிரும், அப்புறம் டாக்டர் கண்ணுக்கும் தட்டாது. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனா இடுக்கியால எடுத்துருவாங்க.

கடற்பாசி, மண்டபம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஒமெப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கிற மாத்திரை போடுறவங்களுக்கு முள்ளு கரையிறது மந்தமாகும். மீனுக்காக மாத்திரையை நிறுத்த வேணாம், முள்ளை எடுத்துட்டுச் சாப்பிட்டாப் போதும்.

உப்பங்கழி, தேவிபட்டினம்:
நன்றிண்ணே. புளி கூட்டிக் கொதிக்கவிட்டா குழம்புலயே முள்ளு இளகிருமா?

பவளத்திட்டு, கீழக்கரை:
புளியால கொஞ்சம்தான். பெரிய வேலை சூட்டோடது. டப்பாவுல அடைச்ச மத்தி மீனோட முள்ளு மாவா உதிருதுன்னா, அதை 115–121 டிகிரியில அழுத்தத்தோட வேகவைக்கிறதாலதான். வீட்டுல சூடையைப் புளித்தண்ணியோட குக்கர்ல வச்சு, சிறுதீயில அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் விடுங்க. குழம்புச் சட்டியில 100 டிகிரிக்கு மேல ஏறாது, அதனால சாதாரணமாக் கொதிக்கிற நேரத்துல அந்தப் பதம் வராது.