மல்லிகைக் கொடியில் கும்பிடுபூச்சி: படம் எடுக்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை): எங்கள் வீட்டு மல்லிகைக் கொடியில் இறக்கை முளைக்காத பச்சைக் கும்பிடுபூச்சி ஒன்று, இரையைத் தொடாமல் தலைகீழாகத் தொங்குகிறது, நோயாக இருக்குமோ? கைபேசியில் எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் அதன் கண்ணிலுள்ள கரும்புள்ளி என்னையே பார்க்கிறதே, ஏன்?

மறுமொழி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, பெரும்பாலும் அது தோலுரிக்கத்தான் ஆயத்தமாகிறது. பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி நழுவி வரும் என்பதால், அடியில் போதிய இடைவெளி இருக்க வேண்டும். கொடியை அசைத்தால் விழுந்து கால் கோணிவிடும். தயவுசெய்து பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள்.

மறுமொழி (தென்காசி): அந்தப் புள்ளி கருவிழி அன்று. கூட்டுக்கண்ணில் நம்மை நேராக நோக்கும் சிறு கண்கள் ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் அவ்விடம் மட்டும் கறுத்துத் தெரிகிறது; நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். நம் ஊர் உச்சிவெயிலில் படம் வெளுத்துவிடும், ஆகவே காலையில், பூச்சியின் கண் மட்டத்துக்குக் கைபேசியை இறக்கி எடுங்கள்.