தனித்தனியாக நன்றாக இருக்கும் படங்கள் ஒரு தொடராகச் சேர மாட்டேன் என்கின்றன

சன்னலோரம்:

வணக்கம். மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். ஒரு கிராப் சென்சார் கேமரா (படம் பதிகிற சென்சார் சின்னதாக இருக்கிற வகை), ஒரு 35 எம்எம் லென்ஸ், அவ்வளவுதான். மழை, தெரு, பூனை, ரயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் சில படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன, ஆனால் இருபதை வரிசையாக வைத்தால் இருபது பேர் எடுத்த மாதிரி இருக்கிறது. இந்த வருடம் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று 'தனிமை' எனத் தலைப்பு எழுதி வைத்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது. காலி பெஞ்ச், குடையோடு தனியாக நடக்கிற ஆள், இதைத் தாண்டி எதுவும் வரவில்லை.

இன்னொரு யோசனையும் உண்டு. பாட்டிக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. கண்ணால் செய்த வேலையெல்லாம் இப்போது விரலுக்குப் போய்விட்டது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஆள்காட்டி விரலை விளிம்புக்குள் விட்டுக்கொள்வார், நுனி நனைந்ததும் நிறுத்திவிடுவார். இரவு போட வேண்டிய மாத்திரை அட்டையில் மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். இதை எடுக்கலாமா? ஒரு வீட்டுக்குள் எத்தனை படம்தான் எடுக்க முடியும்? அவர் கஷ்டத்தைக் காட்சிப் பொருளாக்கிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

பழையலென்ஸ்:

பாட்டியை எடுங்கள், 'தனிமை'யை இன்றைக்கே விட்டுவிடுங்கள். தலைப்பை முதலில் வைத்தால் அதற்குப் பொருந்துகிற படத்தைத் தேடித்தான் அலைய வேண்டியிருக்கும். அந்த டம்ளரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் இருப்பது உங்கள் 'தனிமை' படங்கள் எதிலும் இருக்காது என்று பார்க்காமலே சொல்வேன்.

வீட்டுக்குள் எத்தனை எடுக்கலாம் என்ற கேள்விக்கு செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக்கைப் பாருங்கள். 1940-லிருந்து 1954 வரை பிராக் நகரில் தன் ஸ்டுடியோ சன்னலை எடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் நீர் வழிந்த நாள், பனி உறைந்த நாள், வெளியே நிற்கிற வளைந்த மரம், சன்னல் விளிம்பில் ஏதோ ஒரு பாத்திரம். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் அவர், அத்தனையும் ஒற்றைக் கையால் எடுத்தது. இடம் சின்னதாக இருந்தால் என்ன, நினைத்தபோதெல்லாம் திரும்பப் போக முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். உங்களுக்கு முடிகிறது.

அரைவெளிச்சம்:

எடுக்கிற முறையில் சிலதைக் கட்டிப்போட்டுவிடுங்கள், இருபது பேர் எடுத்த மாதிரி இருப்பது பாதி அங்கேயே சரியாகிவிடும். இருக்கிற 35 எம்எம் போதும், கிராப் சென்சாரில் அது முழு அளவு சென்சாரில் 50 எம்எம் லென்ஸ் காட்டுகிற பார்வையைக் கிட்டத்தட்ட தரும், கைகளுக்கு நல்ல தூரம். டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் கலந்தால் தோலின் நிறம் கெட்டுப்போகும். விரல் அசைந்துகொண்டே இருக்குமே, ஷட்டர் வேகம் 1/125 நொடியை விட மெதுவாகாமல் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வை, 3200 வரை ஏற்றுங்கள், படத்தில் புள்ளிபுள்ளியாகக் குருணை தெரிந்தால் தெரியட்டும். ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் என்ற புகைப்படக்காரத் தம்பதி 1959-லிருந்து தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் எடுத்தார்கள். எப்போதும் மேகமூட்டமான வெளிச்சம், எப்போதும் நேர் எதிரே நின்று. அந்தப் பிடிவாதத்தால்தான் ஒரு தொட்டிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் நம் கண்ணில் படுகிறது.

அப்புறம், பாட்டியிடம் கேட்டீர்களா? கேள்வியில் அது இல்லையே. வீட்டு ஆள்தானே என்று விடாதீர்கள். படத்தை அவரால் சரியாகப் பார்க்க முடியாது, அதனால் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக் காட்டிவிட்டு, வெளியே வைக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படம் வேண்டாம்.

கத்தரிக்கோல்:

மேலே இருவரும் எடுப்பதைச் சொல்லிவிட்டார்கள், நான் கழிப்பதைச் சொல்கிறேன். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955-லிருந்து 1957 வரை அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்தவை 27,000-க்கும் மேல். அவற்றிலிருந்து 'தி அமெரிக்கன்ஸ்' என்ற புத்தகத்தில் வந்தவை 83. திரையில் பார்த்துக் கழிக்க வராது, சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள், ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். போகும்போதும் வரும்போதும் எது கண்ணில் உறுத்துகிறது, எதை மிதிக்காமல் சுற்றிப் போகிறீர்கள் என்று தானாகத் தெரியும். ஒரே விஷயத்தைச் சொல்கிற படம் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், ரொம்ப அழகாக இருக்கிற ஒன்று மற்றவற்றை அமுக்கினால் அதையும்கூட. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது, ஆனாலும் செய்கிறேன்.

சன்னலோரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. பாட்டியிடம் கேட்டேன். "மூஞ்சி வேண்டாம், கையை எடுத்துக்கோ" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இதுவரை இருநூற்றுச் சொச்சம் எடுத்ததில் முப்பதைப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக் காட்டினேன். ஒரு படத்தில் நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார். "இதில் நீங்கள் ஊசி கோக்கிறீர்கள்" என்றேன். "அது கோக்கிறது இல்லை, நுனி பிரிஞ்சிருக்கான்னு பார்க்கிறேன். பிரிஞ்சிருந்தா கோக்கவே முடியாது" என்றார்.

நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படம் அது. இப்போது அவர் சொல்வதையெல்லாம் அந்தந்தப் பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைக்கிறேன். ஊசியில் நூல் நுழைகிற அந்த நொடி இன்னும் கிடைக்கவில்லை, காலை வெளிச்சத்தில் நாளைக்கு மறுபடி உட்காருகிறோம்.