"ஏன் கத்தவில்லை?" என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
பாலியல் வன்முறைக்கு ஆளான என் தோழி ஒருத்தி, பல ஆண்டுகள் கழித்து அண்மையில்தான் என்னிடம் மனம் திறந்தாள். அந்தக் கொடுமையை விடவும், "நான் ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை?" என்ற எண்ணமே அவளை இன்றும் வாட்டுகிறது. அன்றே தாயிடம் சொன்னபோது, "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பதில். அவளுடைய வேதனையில் நம் சமூக நம்பிக்கைகளின் பங்கு எவ்வளவு? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
உண்மையாகவே பாதிக்கப்பட்ட பெண் போராடியிருப்பாள், உடலில் காயம் இருக்கும், உடனே புகார் செய்திருப்பாள் என்று ஒரு கற்பிதம் பல சமூகங்களில் வேரூன்றியிருக்கிறது. விசாரிப்பவர்கள் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவளும் அதைக் கேட்டே வளர்ந்திருப்பதால், தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறாள். ஆனால் பேரச்சத்தில் உடல் தன் விருப்பத்தை மீறி உறைந்துபோவது இயல்பு. வன்புணர்வுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் ஸ்வீடனில் நடத்தப்பட்டு, 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவில் இவ்வாறு அசைவற்றுப் போனதாகத் தெரிவித்திருந்தனர். உங்கள் தோழியிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அசையாமல் இருந்தது சம்மதம் அல்ல.

இரண்டாம் பதில்:
"கற்பழிப்பு" என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். குற்றம் செய்தவன் அதில் இல்லை. பெண் எதையோ இழந்தாள் என்பது மட்டுமே இருக்கிறது. அதனால்தான் "வன்புணர்வு", "பாலியல் வன்கொடுமை" என்று எழுத வேண்டும் என நான் வற்புறுத்துகிறேன். இழந்தது குடும்ப மானம் என்று கருதிய சமூகங்கள், குற்றவாளிக்கே அவளை மணமுடித்துக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று சட்டமே எழுதி வைத்திருந்தன. இத்தாலி அந்தப் பிரிவை 1981-இல் நீக்கியது. மொராக்கோ 2014-இலும், ஜோர்டானும் துனிசியாவும் 2017-இலும்தான் நீக்கின. அந்தத் தாயைக் கொடுமைக்காரி என்று நான் நினைக்கவில்லை. உண்மை வெளிப்பட்டால் ஊர் தன் மகளிடம்தான் விலை கேட்கும் என்று அவர் அஞ்சியிருப்பார். ஆயினும் அந்த அச்சம் மகளுக்கு இரண்டாவது காயமாகிவிட்டது.

மூன்றாம் பதில்:
குற்றவாளி கணவனாக இருந்தால் நடந்ததற்குப் பெயர் வைக்கவே பெண்ணால் முடிவதில்லை, ஏனெனில் அது மனைவியின் கடமை என்றே அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. மனைவியை வன்புணர்ந்தாலும் அது குற்றமாகாது என்று கணவனுக்கு இருந்த விலக்கை, இங்கிலாந்தின் உச்ச நீதி அமைப்பே 1991-இல்தான் ஒழித்தது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. உடல் உறைந்துபோவதைப் பற்றி இன்றே அவளிடம் பேசுகிறேன். தாயின் அச்சத்தைப் பற்றி இப்போது சொல்ல மாட்டேன். அதையும் புரிந்துகொள்ள வேண்டிய சுமை தன்மேல் ஏற்றப்படுவதாக அவள் உணரக்கூடும்.